மழை வந்ததும் காலியாகும் சைக்கிள் ஸ்டாண்டு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். வெயில் காலத்தில் நம் பள்ளி சைக்கிள் ஸ்டாண்டில் ஒரு சைக்கிளை எடுக்க இரண்டை நகர்த்த வேண்டியிருக்கும். மழை தொடங்கிய வாரமே பாதி காலி. கேட்டால், பிள்ளைகளுக்குப் பயமில்லை, "வீட்ல விடமாட்டேங்கறாங்க சார்" என்கிறார்கள். உங்களைக் குறை சொல்லவில்லை, நானும் ஒரு தகப்பன்தான். நம் கையில் இல்லாததை, நினைத்தாலே பதறவைப்பதை, மனம் பெரிய ஆபத்தாக எடுத்துக்கொள்கிறது என்று அமெரிக்க உளவியலாளர் பால் ஸ்லோவிக் 1987-லேயே எழுதியிருக்கிறார். மழையில் ஒரு லாரி உரசுகிற மாதிரி போய்விட்டால் போதும், அந்தப் பருவம் முழுக்க சைக்கிளுக்குப் பூட்டு. வெயிலில், பழகிய பாதைதானே என்று கையை விட்டு ஓட்டுகிற பையனைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை.

மழையில் ஆபத்தே இல்லை என்று சொல்லவில்லை. நனைந்த ரிம்மில் பிரேக் கட்டை முதலில் தண்ணீரைத்தான் துடைக்கும், அப்புறம்தான் பிடிக்கும், அதனால் முன்கூட்டியே பிடிக்கப் பழக்க வேண்டும். ரொம்ப நாள் கழித்து வரும் முதல் மழையில் எண்ணெயும் தூசியும் கலந்து சாலை வழுக்கும், சாக்கடை இரும்பு மூடியும் வெள்ளைக் கோடும் எப்போது நனைந்தாலும் வழுக்கும். பளிச்சென்ற மழைக்கோட்டு பகலுக்குத்தான். இருட்டில் வெளிச்சத்தைத் திருப்பியடிக்கும் பட்டை வேண்டும், அதையும் கணுக்காலில் கட்டுங்கள், மேலும் கீழும் போவதைப் பார்த்ததும் வண்டி ஓட்டுபவருக்கு அது சைக்கிள் என்று புரிந்துவிடும்.

எனக்குப் பெரிய கவலை நம் பள்ளி கேட்தான். பயந்துபோய் எல்லோரும் காரில் கொண்டுவந்து விட, அந்த நெரிசலில் மிச்சமிருக்கும் நாலு சைக்கிள் பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள், அதைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் நிறுத்திவிடுகிறார்கள். சைக்கிள் ஓட்டுபவர்கள் இரண்டு மடங்கானால் காயங்கள் இரண்டு மடங்காவதில்லை, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் கூடுகின்றன என்று ஆய்வாளர் பீட்டர் ஜேக்கப்சன் 2003-ல் கணக்கிட்டார். அதாவது ஒரு பிள்ளைக்கான ஆபத்து குறைகிறது. பின்லாந்தின் ஓலு நகரத்தில் பனி உறைந்த குளிர்காலத்திலும் பிள்ளைகள் சைக்கிளில் பள்ளிக்குப் போகிறார்கள், அங்கே சைக்கிள் பாதையில் பனியை ஒழுங்காக அகற்றிவிடுகிறார்கள். சரி, நமக்கு அந்த வசதி இல்லை.

இடி மின்னலோ வெள்ளமோ இருந்தால் அனுப்பவே வேண்டாம். மற்ற நாட்களில் அன்றன்று காலையில் பார்த்து முடிவெடுங்கள், பருவம் முழுக்கச் சேர்த்து ஒரே நாளில் முடிவெடுக்க வேண்டாம். ஒரு விடுமுறை நாளில், தூறலிலேயே, பிள்ளைக்குப் பின்னால் நீங்களும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் பி.டி. சார் ஸ்பேனரோடு ஸ்டாண்டில் இருப்பார், தேய்ந்த பிரேக் கட்டையை மாற்றித் தருவார். புதுக் கட்டை மட்டும் வாங்கிக் கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்