கண்டறிந்த தேதி மட்டும் போதாது: சுகாதார அமைச்சுக்குத் திறந்த மடல்

சிங்கப்பூர்ச் சுகாதார அமைச்சின் அதிகாரிகளுக்கும், குழந்தைப் புற்றுநோய்ப் பதிவேட்டைப் பராமரிப்போருக்கும் வணக்கம்.

பிள்ளைகளுக்கு வரும் லுக்கீமியா (ரத்தப் புற்றுநோய்) பருவகாலத்தைப் பொறுத்துக் கூடிக் குறைகிறதா என்ற கேள்வி இன்னும் தீரவில்லை. அப்படிக் கூடிக் குறைந்தால், பருவத்தோடு பரவும் கிருமிகளுக்கு அதில் பங்கிருக்கலாம். கோடையில் கூடுதல் என்றன சில ஆய்வுகள். அப்படி எதுவும் இல்லை என்றன வேறு சில. பெரும்பாலான கணக்குகள் நோய் கண்டறியப்பட்ட தேதியை நம்பியிருப்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம் என்று கருதுகிறோம். முகம் வெளிறுவது, விட்டுவிட்டு வரும் காய்ச்சல், அடிபடாமலே தோன்றும் கன்றல், எலும்பு வலியால் நொண்டுவது ஆகியவை தொடங்கி, பிள்ளை ரத்தப் பரிசோதனைக்கு வந்துசேர வாரக்கணக்கில் ஆகலாம். இடையில் டிசம்பர் பள்ளி விடுமுறையோ சீனப் புத்தாண்டோ வந்தால் இன்னும் தள்ளிப்போகும். பிறகு ஜனவரியில் எண்ணிக்கை ஏறினால் அது கிருமியாலா விடுமுறையாலா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

ஆகவே எங்கள் முதல் வேண்டுகோள்: முதல் அறிகுறி தெரிந்த வாரம், பிறந்த மாதம், சிசு பராமரிப்பிலோ பாலர் பள்ளியிலோ சேர்ந்த மாதம், முதல் ஈராண்டில் வந்த தொற்றுகள் ஆகியவற்றையும் பதியுங்கள். தொற்றுகளைப் பெற்றோரின் நினைவிலிருந்து எழுதாமல் மருந்தகப் (கிளினிக்) பதிவிலிருந்து எடுக்க வேண்டும். பிள்ளைக்கு நோய் வந்த பெற்றோர் பழையவற்றைக் கூடுதலாகத் துருவி நினைப்பார்கள். அதுவே கணக்கைச் சாய்த்துவிடும்.

இந்த விவரங்கள் ஏன் தேவை? பெரும்பாலும் 2 முதல் 5 வயதுக்குள் வரும், பி-உயிரணு எனும் வெள்ளணுவில் தோன்றும் லுக்கீமியா வகையில், ஈடிவி6-ரன்எக்ஸ்1 போன்ற மரபணு இணைவு (இரு மரபணுக்கள் தவறாக ஒட்டிக்கொள்வது) பல பிள்ளைகளுக்குக் கருவிலேயே நேர்ந்துவிடுகிறது. பிறந்தவுடன் குதிகாலில் எடுத்த ரத்தப் பொட்டு அட்டைகளில் அதைக் கண்டிருக்கிறார்கள். அந்த இணைவோடு பிறப்பவர்களில் மிகச் சிலருக்கே நோய் வருகிறது. அது முதல் அடி மட்டுமே; நோய் வரத் தேவையான அடுத்த மரபணு மாற்றம், அதாவது இரண்டாவது அடி, பிறந்த பிறகு விழுகிறது. முதல் ஆண்டில் சாதாரணக் கிருமிகளைச் சந்தித்துப் பழகாத நோயெதிர்ப்பு அமைப்பு, பின்னால் வரும் தொற்றுக்குத் தாறுமாறாக எதிர்வினை காட்டுவதால் அந்த அடி விழலாம் என்பது லுக்கீமியா ஆய்வாளர் மெல் கிரீவ்ஸின் கருதுகோள். ஊர்களில் புதியவர்கள் திரளும்போது குறிப்பிட்ட ஒரு தொற்று பரவுகிறது என்ற, இன்னோர் ஆய்வாளரான லியோ கின்லனின் கருத்து வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பக் கூடாது. நோயை உண்டாக்கும் வைரஸ் என்று எதுவும் இதுவரை அடையாளம் காணப்படவில்லை. ஆனால் சிசுப் பருவத்திலேயே பராமரிப்பு நிலையம் சென்ற பிள்ளைகளுக்கு அபாயம் குறைவு என்று பல ஆய்வுகளின் தொகுப்பு காட்டுகிறது. மறுபுறம், பேக்ஸ்5 என்ற மரபணுவில் குறையுள்ள எலிகளில் சிலவற்றுக்கு, பிற்பாடு சாதாரணக் கிருமிகளுக்கு உட்பட்டபோதுதான் லுக்கீமியா வந்தது.

இதைச் சோதிக்கச் சிங்கப்பூர் நல்ல களம். இங்கே குளிர்காலம் இல்லை. சளிக்காய்ச்சல் பொதுவாக ஆண்டிறுதியிலும் ஆண்டின் நடுவிலும் ஏறுகிறது. சிசு பராமரிப்பு 2 மாதக் குழந்தையிலிருந்து தொடங்குகிறது. 2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை நீடித்த நோய்ப்பரவல் முறியடிப்புக் காலத்திலும் அதன்பின் முகக்கவசம் நீடித்த மாதங்களிலும் பிறந்த பிள்ளைகள் வழக்கத்தைவிடக் குறைவான தொற்றுகளையே சந்தித்திருப்பார்கள். கிரீவ்ஸ் சொல்வது சரியென்றால் அவர்கள் 2 வயதைத் தாண்டிய ஆண்டுகளில் நோயின் எண்ணிக்கையில் மாற்றம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அதுவும் பயனுள்ள விடைதான்.

இங்கே எண்ணிக்கை சிறியது. கணக்குக்கு ஆண்டுக்கு 36 பிள்ளைகள் என்று வைத்துக்கொண்டால் மாதத்துக்கு 3. தற்செயலாகவே ஒரு மாதம் பூஜ்யமாகவும் இன்னொரு மாதம் 7 ஆகவும் இருக்கும். பத்து ஆண்டுகளின் ஜனவரிகளைச் சேர்த்தாலும் 30 தான். 19 முதல் 41 வரை போவது வெறும் தற்செயலாக இருக்கலாம். எனவே ‘உச்ச மாதம்’ என்று எதையும் கண்ணால் பார்த்து அறிவிக்காதீர்கள். மலேசியாவுடன் ஏற்கெனவே நடக்கும் மா-ஸ்போர் என்ற லுக்கீமியாச் சிகிச்சை ஆய்வின் தரவோடு சேர்த்துப் பாருங்கள். ஒரு வயதுக்குட்பட்டோர், லுக்கீமியாவின் வேறு வகைகளான டி-உயிரணு வகை, மைலாய்டு வகை ஆகிய மூன்றையும் தனித்தனியே வையுங்கள். கலந்தால் இருக்கும் போக்கும் கரைந்துவிடும்.

ஆய்வு முடியும்வரை பாலர் பள்ளிகளுக்குத் தமிழிலும் ஒரு குறிப்பு அனுப்புங்கள். லுக்கீமியா ஒரு பிள்ளையிடமிருந்து இன்னொரு பிள்ளைக்குத் தொற்றாது. நோயுற்ற பிள்ளையின் அண்ணன் தங்கைகளை ஒதுக்கக் கூடாது. ‘தொற்று நல்லது’ என்று எண்ணி எந்தப் பெற்றோரும் தடுப்பூசியைத் தவிர்க்கக் கூடாது. சிகிச்சையில் இருக்கும் பிள்ளைக்கு அதே வகுப்பில் பரவும் தட்டம்மை உயிருக்கே ஆபத்தாகும். வகுப்பில் தட்டம்மையோ நீர்க்கோளவானோ (சின்னம்மை) வந்தால் அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு அன்றே தகவல் சொல்ல வேண்டும்.