எட்மன்ரனில் இருக்கும் மகனுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நீ கேட்ட கேள்விக்குத் தொலைபேசியில் ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லி முடிக்க முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

எட்மன்ரனில் எங்கள் பெடியள் சேர்ந்து ஓர் உதைபந்தாட்டக் கழகம் தொடங்கப் பார்க்கிறார்கள், உன்னைச் செயலாளராக இருக்கச் சொல்கிறார்கள், தமிழ்ப் பெயர்தான் வைக்க வேண்டும் என்று நிற்கிறார்கள் என்றாய். “கனடாவுக்கு வந்து இவ்வளவு காலத்துக்குப் பிறகும் இனத்தின் பெயரில் ஒரு கழகம் வேண்டுமா அப்பா? பிள்ளைகளை ஒரு மூலைக்குள் அடைக்கிற வேலை இல்லையா?” என்று கேட்டாய். வேண்டும் என்றுதான் நான் சொல்வேன். ஏன் என்று சொல்ல உன்னை 2006ஆம் ஆண்டுக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

உனக்கு அப்போது பதினொரு வயது. ஒன்ராறியோவில் 1998 முதல் நடந்துவந்த தொழில்முறை லீக் அந்த வருடம்தான் கனேடியன் சொக்கர் லீக் என்று பெயர் மாற்றிக்கொண்டது. அதிலே சர்வதேசப் பிரிவு என்று ஒன்றைப் பிரித்து வைத்தார்கள். சேர்பியன் வைட் ஈகிள்ஸ், ரொறன்ரோ குரோசியா, இத்தாலியா ஷூட்டர்ஸ், ரொறன்ரோ சுப்ரா போர்த்துகீஸ், கரிபியன் செலக்ட்ஸ். யார் எங்கிருந்து வந்தவர்கள் என்று கேட்கவே தேவையில்லை, சட்டையிலேயே எழுதியிருந்தது. அதே கோடையில் ஜெர்மனியில் உலகக் கிண்ணம். சேர்பியா மொன்ரெநீக்ரோ, குரோசியா, இத்தாலி, போர்த்துக்கல், கரிபியனிலிருந்து திரினிடாட் டொபாகோ எல்லாம் அங்கே விளையாடின. கனடா இல்லை. 1986க்குப் பிறகு அதுவரை கனடா அந்த வாசலை மிதிக்கவே இல்லை. ரொறன்ரோவில் கார்களில் பறந்த கொடிகளை எண்ணி நீ ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தாய். அந்தக் கொப்பியை அம்மா இன்னும் வைத்திருக்கிறார்.

என்னோடு தொழிற்சாலையில் ஒரே வரிசையில் ஒரு சேர்பியரும் ஒரு குரோசியரும் வேலை செய்தார்கள். இருவருமே யூகோஸ்லாவியா உடைந்த தொண்ணூறுகளின் யுத்தத்தில் வீட்டை விட்டு வந்தவர்கள். சேர்பியர்தான் எனக்கு ரிக்கற் தந்தார். “உன் மகன் பந்து விளையாடுகிறவன்தானே, கூட்டிக்கொண்டு வா, செக்குலாரத்ஸ் பயிற்றுநராக வந்திருக்கிறார்” என்றார். எனக்கு அந்தப் பெயர் தெரியாது. 1960இல் ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டத்தில் யூகோஸ்லாவியாவுக்காக விளையாடியவர், எழுபதுகளில் இதே வைட் ஈகிள்ஸ் கழகத்துக்காக ரொறன்ரோவில் ஆடியவர் என்று அவர் சொல்லச் சொல்ல, அவருடைய முகம் அப்படியே மலர்ந்துபோனது.

ஸ்காபரோவிலிருந்து 401 நெடுஞ்சாலையில் நகரத்தின் மறுகரைக்கு, எற்றோபிக்கோவில் இருக்கும் சென்ரெனியல் பார்க் மைதானத்துக்குப் போனோம். தலைக்கு மேலே பியர்சன் விமானநிலையத்துக்கு இறங்குகிற விமானங்கள். சூரியகாந்தி விதைத் தோல் வாங்குகளுக்குக் கீழே குவிந்து கிடந்தது. அடுப்பிலே இறைச்சி வாட்டுகிற புகை மைதானம் முழுக்க. எங்களுக்கு முன் வரிசையில் ஒரு வயதானவர் சின்னக் குறிப்புப் புத்தகத்தில் இரண்டு அணியின் பெயர்களையும் அவர்களுடைய எழுத்தில் எழுதி, ஆள் மாறும்போதெல்லாம் ஒரு கோடு போட்டு, நேரத்தையும் குறித்துக்கொண்டே இருந்தார். ஒரு கோல் விழுந்தபோதும் அவர் எழும்பவில்லை. எழுதி முடித்த பிறகுதான் கை தட்டினார்.

ரொறன்ரோ குரோசியாவும் சேர்பியன் வைட் ஈகிள்ஸும் மோதிய நாள் உனக்குக் கட்டாயம் ஞாபகம் இருக்கும். பொலிஸ்காரர்கள் இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் நின்றார்கள். பாட்டும் கூச்சலும் சில நேரம் கேட்கக் கூடாத வார்த்தைகளுமாக இருந்தது. நீ என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாய். ஆனால் திங்கட்கிழமை காலையில் அந்த இரண்டு பேரும் தொழிற்சாலையில் எதிரெதிரே நின்று வழக்கம்போல வேலை செய்தார்கள். தோற்ற அணிக்காரர்தான் இருவருக்கும் கோப்பி வாங்க வேண்டும் என்று அவர்களுக்குள் ஓர் ஒப்பந்தம் இருந்தது. பெரிய நட்பு என்று சொல்ல மாட்டேன். ஒருவர் வீட்டுக்கு மற்றவர் போனதில்லை. யுத்தத்தைப் பற்றி அவர்கள் என் முன்னால் பேசியதும் இல்லை. ஆனால் தங்களுக்குள் பேசிக்கொள்ள அவர்களுக்கு ஏதாவது இருந்தது என்றால், அது அந்த ஆட்டங்கள்தான்.

சேர்பியா மொன்ரெநீக்ரோ அந்த உலகக் கிண்ணத்தில் மூன்று ஆட்டத்திலும் தோற்றது. ஆர்ஜென்ரீனாவிடம் ஆறுக்கு பூச்சியம். அதைவிட ஒரு விஷயம் என்னை இன்றுவரை விடவில்லை. மொன்ரெநீக்ரோ மே மாதமே வாக்கெடுத்துப் பிரிந்துவிட்டது. ஜூனில் ஜெர்மனியில் அந்த அணி இறங்கியபோது அப்படி ஒரு நாடே இல்லை. அந்த நேரத்தில் எற்றோபிக்கோவில் வெள்ளைக் கழுகுச் சட்டையோடு அந்த வைட் ஈகிள்ஸ் கழகம் வாராவாரம் விளையாடிக்கொண்டிருந்தது. 1968இல் தொடங்கிய கழகம். நாடு பெயர் மாறியது, உடைந்தது, மறுபடி பெயர் மாறியது. கழகத்தின் பெயர் மாறவில்லை.

அதே ஓகஸ்டில்தான் யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 பாதையை முகமாலையில் மூடினார்கள். யாழ்ப்பாணத்தில் அப்பம்மாவோடு பேசத் தொலைபேசி கிடைக்காமல் நான் இரவு இரவாக இருந்ததை நீ பார்த்திருப்பாய். எங்கள் ஊரான மயிலிட்டிக்கு 1990 ஜூனுக்குப் பிறகு யாரும் போக முடியவில்லை. அங்கே இராணுவம். 2017இல் துறைமுகப் பக்கத்தை விடும்வரை வரைபடத்தில்தான் ஊர் இருந்தது. ஆனால் ஸ்காபரோவில் கோடைச் சுற்றுப்போட்டிக்கு எங்கள் ஊர்ப் பெடியள் ஊரின் பெயரைச் சட்டையில் அடித்துக்கொண்டு வந்தார்கள். நீயும் ஒரு வருடம் அந்தச் சட்டையோடு ஓடினாய், முதுகிலே 14. மைதானத்தில் “மயிலிட்டி, மயிலிட்டி” என்று கத்தினபோது, அந்தச் சொல்லை உரத்துச் சொல்ல உலகத்தில் அந்த ஓர் இடம்தான் மிஞ்சியிருந்தது. அதை மூலை என்று சொல்ல எனக்கு மனம் வராது, தம்பி.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதையும் நான் சொல்ல வேண்டும். அந்த வெள்ளைக் கழுகுச் சட்டையில் ஓடியவர்கள் எல்லாரும் சேர்பியர்கள் இல்லை. இத்தாலியா ஷூட்டர்ஸ் அணியில் கரிபியன் குடும்பத்துப் பெடியள் ஓடினார்கள். அந்த வருட இறுதியாட்டத்தில் அவர்கள்தான் ஒன்றுக்குப் பூச்சியம் என்று வைட் ஈகிள்ஸை வென்று கிண்ணம் எடுத்தார்கள். ஜூலையில் இத்தாலி உலகக் கிண்ணத்தை வென்று சென்ட் கிளெயர் வீதியே திருவிழாவானது. இலையுதிர் காலத்தில் இத்தாலியின் பெயரை வைத்த கழகமும் வென்றது. அந்த வெற்றிக்கு ஓடிய கால்கள் எத்தனை நாட்டினுடையவை என்று யோசித்துப் பார். சட்டையின் பெயர் ஒரு சமூகத்தினுடையது. சட்டைக்குள் வந்தவன் நன்றாக விளையாடுகிறவனாக இருந்தால் போதும்.

இது நேற்று வந்த பழக்கமும் இல்லை. ஒன்ராறியோவிலும் கியூபெக்கிலும் 1926இல் தொடங்கிய நஷனல் சொக்கர் லீக்கில் உக்ரேனியர், போலந்துக்காரர், இத்தாலியர், ஹங்கேரியர் என்று வந்தவர்கள் எல்லாரும் தங்கள் பெயரில் அணி வைத்தார்கள். ரொறன்ரோ குரோசியா 1956இல் தொடங்கியது. அந்தக் கழகம் 1975இல் வட அமெரிக்கப் பெரிய லீக்கில் இருந்த மெற்றோஸ் அணியோடு சேர்ந்து, அடுத்த வருடமே சியாற்றிலில் மினசோட்டாவை மூன்றுக்குப் பூச்சியம் என்று வென்று முழு லீக்கின் சம்பியனானது. 1976 ஓகஸ்ட் 28. அன்று அந்தக் குரோசியச் சட்டையைப் போட்டவர் யார் தெரியுமா? யுசேபியோ. மொசாம்பிக்கில் பிறந்து போர்த்துக்கல்லுக்காக விளையாடிய அதே யுசேபியோ. லீக்காரர்களுக்கு ஓர் இனத்தின் பெயர் அணியில் இருப்பது பிடிக்கவே இல்லை. சில வருடத்தில் அணி கைமாறி, 1979இல் பெயரும் பிளிசார்ட் என்று ஆகிவிட்டது. அந்த பிளிசார்ட் இன்று இல்லை. பெயரை எடுத்துவிட்டால் எல்லாருக்கும் பொதுவாகிவிடும் என்று நினைக்கிறவர்கள் இதை ஒருதரம் யோசிக்க வேண்டும். குரோசியர்கள் தங்கள் பெயரோடு திரும்பி வந்து பிறகும் கிண்ணங்கள் வென்றார்கள்.

சரி, நல்லதை மட்டும் சொன்னால் நீ நம்ப மாட்டாய். 2007இல் ரொறன்ரோ எஃப்சி வந்தது, புது மைதானம் வந்தது, கூட்டம் அந்தப் பக்கம் போய்விட்டது. 2006தான் அதற்கு முந்திய கடைசிக் கோடை. அப்புறம் இந்த லீக்கில் 2009இல் நடந்த ஓர் ஆட்டம் சூதாட்டக்காரர்களுக்கு விற்கப்பட்டிருந்தது என்பது ஜெர்மனியில் ‘போக்கும்’ என்ற பெயருள்ள நகரத்தில் நடந்த வழக்கில் வெளியே வந்தது. 2013இல் கனேடிய உதைபந்தாட்டச் சங்கம் அங்கீகாரத்தை எடுத்துவிட்டது. லீக் நிற்கவில்லை, ஆனால் நல்ல பெடியள் அங்கீகாரம் உள்ள வேறு லீக்குகளுக்குப் போனார்கள். அந்த வாங்குகளில் இருந்த சனத்தின் பாசத்துக்கு இப்படி ஒரு முடிவு வந்தது எனக்கு இன்னும் கோபம். பெயரில் பிழை இல்லை. பணத்தையும் நிர்வாகத்தையும் பார்க்க வேண்டியவர்கள் பார்க்கவில்லை.

ஆகவே நீ செயலாளராக இரு. இருந்தால் சிலதைப் பிடிவாதமாகச் செய். முதலில் அல்பேர்ட்டாவில் அங்கீகாரமுள்ள சங்கத்தில் கழகத்தைப் பதிவு செய். காப்புறுதி, நடுவர் கட்டணம், மைதானத்து அனுமதி எல்லாம் அதற்குப் பிறகுதான் ஒழுங்காகும். உங்கள் ஊரில் வெளியே விளையாடுகிற காலம் குறுகியது. கூரைக்குள் விளையாடுகிற மைதானத்து மணித்தியாலங்கள்தான் செலவில் பெரிய பங்கு, அதற்கான பணத்தை முதலிலேயே சேர்த்து வையுங்கள். கணக்குப் புத்தகத்தை எந்த அங்கத்தவர் கேட்டாலும் காட்டு. எந்த ஊர்க்காரன் தலைவர் என்ற சண்டை கட்டாயம் வரும், அதற்கு இரண்டு வருடத்துக்கு ஒருதரம் ஆள் மாற வேண்டும் என்று முதல் நாளே எழுதிவிடு. பெண் பிள்ளைகளுக்கு அணியை “பிறகு பார்ப்போம்” என்று தள்ளாதே. உன் தங்கச்சிக்கு இங்கே அப்படித்தான் சொல்லிச் சொல்லியே அவள் கூடைப்பந்துக்குப் போய்விட்டாள்.

எட்மன்ரனில் ஸ்கொட்லாந்துக்காரரின் கழகமும் இத்தாலியரின் கழகமும் இருக்கின்றன. ஒருநாள் போய் அவர்களுடைய நிர்வாகத்தில் மூத்தவர்களைப் பார்த்துப் பேசு. எப்படி இவ்வளவு காலம் நடத்துகிறார்கள், பேரப்பிள்ளைகளுக்குப் பாட்டன் மொழி தெரியாமல் போன பிறகும் எப்படிச் சட்டைக்கு ஆள் வருகிறது என்று கேள். நான் சொல்வதைவிட அவர்கள் சொல்வது உனக்குப் பயன்படும்.

தமிழ்ப் பெயரே வையுங்கள். ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே இருப்பவர்கள் பல ஊர்க்காரர், ஒருவருடைய ஊரை வைத்தால் மற்றவர் வெளியே நிற்பார். ஆனால் விளையாட வருகிற பிள்ளை எந்த வீட்டுப் பிள்ளை என்று யாரும் கேட்கக் கூடாது. உன் வீட்டுக்குப் பக்கத்திலே இருக்கிற சோமாலியப் பெடியன் நன்றாகப் பந்து அடிக்கிறான் என்று சொன்னாயே, முதல் பயிற்சிக்கே அவனைக் கூட்டிக்கொண்டு போ. அவன் முதுகில் தமிழ் எழுத்து இருந்தால் எனக்குப் பெருமைதான்.

அம்மா பேரனுடைய சப்பாத்து அளவு கேட்கச் சொன்னார், இந்த முறை ஆணி வைத்த சப்பாத்து வாங்கி அனுப்பப் போகிறாராம். கழகத்தின் யாப்பை எழுதி முடித்ததும் கூட்டத்துக்கு வைக்க முன் எனக்கும் ஒரு பிரதி அனுப்பு. அங்கத்துவம் யாருக்கு என்று எழுதுகிற பகுதியை நான் ஒருமுறை வாசிக்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா