பாய் கடை மாடிப்படி ஏறி வந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ளங்களுக்கு வணக்கம்.

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் பாய் கடை மாடியில், மியன்மாரிலிருந்து தப்பி வந்த ரோஹிங்யா அகதிகளுக்கு நாம் முதன்முதலாகப் பிரஷர் பார்த்து இந்த மாதத்தோடு ஒரு வருஷம் ஆகிறது. மாதத்தின் முதல் ஞாயிறு, காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை. இரண்டு மேசை, குழந்தைகளை எடை போட ஒரு தராசு, மூன்று பிரஷர் செட்டு, மறைப்புக்கு இரண்டு கைலி. உதவியவர்களில் பாதிப் பேரின் வீடு எனக்குத் தெரியாது, சிலருடைய பெயர்கூடத் தெரியாது. அதனால் எல்லாருக்கும் பொதுவாக இங்கேயே எழுதுகிறேன்.

முதலில் பாய். சோறும் குழம்பும் விற்கும் நாசி கண்டார் கடைக்கு ஞாயிறுதான் பெரிய வியாபாரம். அந்த நாளில் மேல்மாடியைக் காலி செய்து கொடுத்தார். வாடகை என்று நான் பேச்செடுத்ததும் (நர்ஸை இங்கே மிஸ்ஸி என்பார்கள்), "மிஸ்ஸி, அந்தப் பேச்சே வேணாம், டீ ஆறுது குடிங்க" என்று முடித்துவிட்டார். வருகிறவர்கள் வெறும் வயிற்றோடு வருகிறார்கள் என்று இரண்டாவது மாதமே கவனித்து, யாரும் கேட்காமல் ஒரு அண்டா கஞ்சி மேலே வரத் தொடங்கியது. இன்றுவரை அது நிற்கவில்லை.

அப்புறம் தண்ணீர்ப் பந்தல் பிள்ளைகள். தைப்பூசத்துக்குப் பந்தல் போட்டு மிஞ்சிய 1,850 வெள்ளியை (ரிங்கிட்) அப்படியே நம்மிடம் கொடுத்தார்கள். பிரஷர் செட்டு, தராசு, சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப் எல்லாம் அந்தப் பணத்தில் வாங்கியவை. முருகன் பேரில் வசூலித்ததை ரோஹிங்யாக்காரர்களுக்குக் கொடுக்கலாமா என்று கமிட்டியில் ஒருவர் கேட்டாராம். "பந்தலில் யாரிடம் ஐசி (அடையாள அட்டை) பார்த்துத் தண்ணீர் கொடுத்தோம்?" என்று செயலாளர் தம்பி திருப்பிக் கேட்டதும் பேச்சு முடிந்துவிட்டது. தம்பி, அந்த ஒரு கேள்விக்கு உங்களுக்குத் தனியாக ஒரு நன்றி.

நான் நிபோங் திபால் பக்கம் தோட்டத்தில் பிறந்தவள். அப்பா தோட்ட ஆஸ்பத்திரியில் மருந்தும் கட்டும் பார்க்கும் டிரெசருக்கு உதவியாள். காலைப் பெரட்டு (வேலையாட்கள் கணக்கெடுப்பு) முடிந்ததும் காய்ச்சல்காரர்களுக்கு மருந்து, வேலைக்குப் போகிறவர்கள் விட்டுப் போகும் ஆயாக் கொட்டகைப் பிள்ளைகளுக்குப் பூச்சி மருந்து, புண்ணுக்குக் கட்டு. பெரிய டாக்டர் எப்போதாவதுதான் வருவார். ஆனாலும் நோய் முற்றுவதற்குள் யாராவது ஒருவர் பார்த்துவிடுவார். 1978இல் அல்மா-ஆட்டாவில் (இன்றைய கசக்ஸ்தான்) உலக நாடுகள் கூடி, ஆரம்பச் சுகாதாரம் எல்லாருக்கும் கிடைக்க வேண்டும் என்று அறிக்கை வெளியிட்டன. நான் நர்ஸ் பயிற்சிக்குச் சேர்ந்த காலம் அது. பெரிய அறிக்கை என்றார்கள். எனக்கு அப்பா செய்த வேலையை எழுதி வைத்த மாதிரிதான் இருந்தது.

நாலாவது மாதம் ஒரு பெண் வந்தாள். பத்தொன்பது வயது, ஏழு மாதக் கர்ப்பம். மியன்மாரில் சிட்வே பக்கத்து முகாமில் வளர்ந்தவள். கையில் பட்டையைக் கட்டிக் காற்றேற்றியதும் பயந்து கையை இழுத்துக்கொண்டாள். அதுவரை யாரும் அவளுக்குப் பிரஷர் பார்த்ததே இல்லை. 160/110, மிக அதிகம். உட்கார வைத்து, கொஞ்சம் கஞ்சி கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்த்தேன். இறங்கவில்லை. கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தி எடுத்தேன். நீர் கோத்த காலில் குழி விழுந்தது. மனதுக்குள் பத்துவரை எண்ணினேன், குழி அப்படியே இருந்தது. தலைவலி உண்டா என்று மொழிபெயர்க்கும் பிள்ளையைக் கேட்கச் சொன்னேன். மூன்று நாளாக இருக்கிறதாம். டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு, "இப்போதே கிளம்புங்கள்" என்றார்.

இது வலிப்பில் கொண்டுபோய் விடும் நிலை. தாயும் போகலாம், பிள்ளையும் போகலாம். ஆனால் ஒரு பிரஷர் பட்டையும், மூத்திரத்தில் புரதம் பார்க்கும் ஒரு துண்டுக் காகிதமும் இருந்தால் முன்கூட்டியே பிடித்துவிடலாம். வலிப்பைத் தடுக்கும் மக்னீசியம் சல்பேட் பழைய மருந்து, விலையும் குறைவு. அப்படியானால் அவளை ஏன் யாரும் பார்க்கவில்லை? சிட்வேயில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. 2012 கலவரத்துக்குப் பிறகு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்யாக்கள் ஊரைச் சுற்றி முகாம்களில் அடைபட்டார்கள். அதே ஊரில் இன்னொரு பெண் தானாக நடந்து போகிற ஆஸ்பத்திரிக்கு, இவள் போக அனுமதிச் சீட்டு வேண்டும். 2014இல் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் வேலையையும் அரசாங்கம் அங்கே மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தது. நம் பட்டர்வொர்த்தில் கிளினிக் நடத்திய அதே அமைப்புதான். 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது முதலில் வேலையை உதறிவிட்டு வெளியே வந்தவர்கள் அரசாங்க டாக்டர்களும் நர்ஸ்களும். அதன்பின் கைது, தலைமறைவு. கிராமத்துக் கிளினிக்கில் யார் இருப்பார்கள்?

குண்டு விழுந்த ஆஸ்பத்திரி செய்தியில் வருகிறது. ஜெனரேட்டருக்கு எண்ணெய் வராமல் குளிர்பெட்டி நின்றுபோன கிளினிக் வருவதில்லை. பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கை நிறுத்தும் ஆக்சிடோசின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து. பெட்டி நின்றால் அது கெடும், தடுப்பூசியும் கெடும். 2023இல் உலகத்தில் கர்ப்பத்திலும் பிரசவத்திலும் இறந்த பெண்கள் சுமார் 2,60,000 பேர். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, போரோ நிலையற்ற ஆட்சியோ உள்ள நாடுகளில் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

தப்பி வந்த இந்த மலேசியாவிலும் அந்தப் பெண்ணுக்குக் கதவு பாதிதான் திறந்திருக்கிறது. நாம் அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டி டாக்டரைப் பார்க்கிறோம். அகதிகளுக்கு வெளிநாட்டவர் கட்டணம். ஐ.நா. அகதி அட்டை இருந்தால் அதில் பாதி. அட்டை இல்லாதவர்களுக்கு 2001ஆம் வருஷத்துச் சுற்றறிக்கை வேறு இருக்கிறது. ஆவணம் இல்லாதவர் சிகிச்சைக்கு வந்தால் போலீசுக்கோ குடிநுழைவுத் துறைக்கோ தெரிவிக்க வேண்டும். காய்ச்சலோடு வருகிறவள் ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்தே திரும்பிப் போகாமல் என்ன செய்வாள்?

அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய அன்றைக்கு ஸ்கூல் வேன் தம்பி தன் மகள் பிறந்தநாளை விட்டுவிட்டு வேனை எடுத்தார். ஒரு மருத்துவமனைக் கவுண்டரில் முன்பணம் கட்டாமல் பதிவு செய்ய முடியாது என்று சொன்னபோது, பாய் கடைக் கல்லாவைத் திறந்து, எண்ணாமல் ஒரு பையில் போட்டு, பையனை மோட்டார் சைக்கிளில் அனுப்பினார். பணம் வந்து சேர்வதற்குள் வார்டிலிருந்து ஒரு மலாய் சிஸ்டர் இறங்கி வந்து, "முதலில் கட்டில், காகிதம் அப்புறம்" என்று அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போனார். அந்த சிஸ்டரின் பெயரைக் கேட்டு வைக்கவில்லை. இதை யாராவது அவருக்கு மலாயில் படித்துக் காட்டுங்கள்.

மூன்று வாரம் வார்டில் வைத்துப் பார்த்தார்கள். பெண் குழந்தை, 1.9 கிலோ.

நம் ரிஜிஸ்டர் எழுதும், இலங்கையின் வன்னியிலிருந்து வந்த வன்னி அண்ணனைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஒரு ஞாயிறும் தவறியதில்லை. எடை, பிரஷர், தேதி எல்லாம் முத்து முத்தான எழுத்தில். அந்தப் பெண்ணை வேனில் ஏற்றிவிட்டு வந்து உட்கார்ந்தபோதுதான் தன் கதையைச் சொன்னார். இலங்கைப் போரின் கடைசியில், 2009 பிப்ரவரியில் புதுக்குடியிருப்பு மருத்துவமனை மீது செல் (பீரங்கிக் குண்டு) விழுந்து, நோயாளிகளைப் புதுமாத்தளனுக்கு மாற்றினார்கள். அங்கிருந்து காயப்பட்டவர்களைச் செஞ்சிலுவைக் கப்பல் ஏற்றிப் போனது. "எங்கட அம்மா செல் பட்டுச் சாகேல்லை, அக்கா. பிரஷர்க் குளிசை முடிஞ்சு போச்சு. ஒரு பக்கம் இழுத்துது, மூண்டு நாளில போயிட்டா. அவவை ஆரும் கணக்கில எழுதேல்லை." அதைச் சொல்லிவிட்டு அடுத்த ஆளின் எடையை எழுதப் போய்விட்டார். அண்ணே, நீங்கள் ஏன் ஒரு வரிகூட விடாமல் எழுதுகிறீர்கள் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. உங்களுக்கு நான் எப்படி நன்றி சொல்வது?

டாக்டரம்மாவுக்கும், மருந்துக்கடைத் தம்பிக்கும், தையல் மிஷினில் குழந்தைத் தொட்டில் துணி தைத்துத் தந்த பிறை ஊர் அக்காமார்களுக்கும் என் கும்பிடு. மொழிபெயர்க்கும் பிள்ளைக்குப் பதினாறு வயது. ரோஹிங்யா மொழியிலிருந்து மலாய்க்கு, நான் சொல்வதைத் திரும்ப அவர்களுக்கு. வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கலக்கும் விதம் இப்போது அவளே சொல்லித் தருகிறாள். ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீர், தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. 1971 வங்கதேசப் போரில், இந்தியாவின் மேற்கு வங்கத்தில் உள்ள பொங்கான் அகதி முகாமில் காலரா பரவி, ஏற்றுவதற்குச் சலைன் தீர்ந்தபோது, டாக்டர் திலீப் மஹாலனாபிஸ் இந்த வகைக் கரைசலைத்தான் டிரம்மில் கலந்து, நோயாளிகளின் சொந்தக்காரர்கள் கையிலேயே கொடுத்தார். நூற்றுக்கு முப்பது பேர் என்றிருந்த சாவு நாலுக்கும் கீழே வந்தது. இந்தக் கதையைக் கேட்டதிலிருந்து அந்தப் பிள்ளைக்கு ஸ்பூனைப் பிடிக்கும் கையே நிமிர்ந்துவிட்டது.

போன ஞாயிறு அந்தத் தாய் குழந்தையோடு வந்தாள். 5.2 கிலோ, அண்ணன் எழுதிக்கொண்டார். தன்னோடு புதிதாக இரண்டு கர்ப்பிணிகளைக் கூட்டி வந்திருந்தாள். எப்படித் தெரிந்து கூட்டி வந்தாய் என்று கேட்டேன். பதில் சொல்லாமல் குனிந்து, ஒருத்தியின் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தி எடுத்து, உதட்டுக்குள் எண்ண ஆரம்பித்தாள்.

அடுத்த முதல் ஞாயிறு வழக்கம்போல எட்டு மணிக்கு. பருத்த கைக்கு ஏற்ற பெரிய பட்டை ஒன்று தேவைப்படுகிறது, யாரிடமாவது இருந்தால் பாய் கடையில் கொடுத்துவிடுங்கள்.

அன்போடும் நன்றியோடும்,
மாடி மிஸ்ஸி,
பட்டர்வொர்த்