நம் பழைய வண்டிச் சங்கத்தின் செயலாளர் ஆண்டறிக்கை, 2025–26

தலைவர் அவர்களுக்கும், கையில் கிரீஸ் கறையோடு வந்து அமர்ந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஆண்டு தொடக்கத்தில் 38 பேர் இருந்தோம். ஆறு பேர் சேர்ந்தார்கள், மூன்று பேர் விலகினார்கள். விலகியவர்களில் இருவர் வேலை மாறி வெளியூர் போனவர்கள். மூன்றாமவர் வண்டியை விற்றுவிட்டார், காரணம் கேட்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். நம் மூத்த உறுப்பினர் ஒருவரை மார்கழியில் இழந்தோம். மைசூரில் செய்த அவருடைய ஜாவா மோட்டார் சைக்கிளை மகன் வைத்துக்கொள்கிறார். அப்பா எழுதி வைத்த பழுது நோட்டையும் பத்திரமாக வைத்திருக்கிறார். ஆக, இப்போது 40 பேர்.

கணக்கைப் பொருளாளர் விவரமாகப் படிப்பார். நான் சுருக்கமாகச் சொல்கிறேன். முன்னிருப்பு ரூ. 7,450, சந்தா வரவு ரூ. 22,800. இருவர் இன்னும் கட்டவில்லை, அவர்களுக்கே தெரியும். ஷெட் வாடகை ரூ. 6,000, கருவிகள் ரூ. 9,350, தீயணைப்பான் மற்றும் முதலுதவிப் பெட்டி ரூ. 2,100, டீ, வடை ரூ. 4,860. கையிருப்பு ரூ. 7,940. வடைச் செலவு கருவிச் செலவில் பாதியைத் தாண்டியதைப் பொருளாளர் ஏற்கெனவே இரண்டு முறை சுட்டிக்காட்டிவிட்டார்.

சரி, இனி வண்டிகள். இந்த ஆண்டு முதல் ஷெட்டில் ஒரு பதிவு நோட்டு வைத்தோம். ஞாயிற்றுக்கிழமை பழுது பார்க்க வரும் ஒவ்வொரு வண்டிக்கும் மூன்றே வரி: என்ன குறை என்று வந்தது, கடைசியில் என்ன இருந்தது, நடுவில் என்னென்ன மாற்றினோம். முதல் இரண்டு வரிகளையும் எழுத யாரும் தயங்கவில்லை. மூன்றாவது வரிதான் வலித்தது.

உதாரணத்துக்கு, காந்திபுரம் உறுப்பினரின் பழைய புல்லட் 350. இரும்பு பிளாக் இன்ஜின், வலது கால் கியர். தீபாவளிக்கு முன் டேங்க் பெயின்ட் அடித்து, குரோம் எல்லாம் பஃபிங் போட்டு, மாப்பிள்ளை மாதிரி வந்தது. நாலைந்து கிலோமீட்டர் ஓடும், நின்றுவிடும். பத்து நிமிடம் ஓரமாக நிறுத்தினால் ஒரே கிக்கில் கிளம்பும். சூடானால் நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது என்றால் பழுது கண்டன்சரில் (பிளக்குக்குப் பொறி தரும் மின்சுற்றில் உள்ள சிறு சாமான்) என்பது நம் எல்லோருக்கும் மனப்பாடம். மாற்றினோம். அடுத்த வாரம் இக்னிஷன் காயில். அதற்கடுத்த வாரம் பொறி விழும் நேரத்தை முடிவுசெய்யும் பாயின்ட்டை உப்புத்தாளில் தேய்த்து, ஃபீலர் கேஜ் வைத்து அதன் இடைவெளியை 0.35 மில்லிமீட்டருக்குச் சரிசெய்து, சிகரெட் தாளைப் பாயின்ட்டுக்கு நடுவில் செருகி எந்த இடத்தில் விடுகிறது என்று பார்த்து டைமிங்கும் வைத்தோம். கார்புரேட்டரை இரண்டு முறை கழுவினோம். வண்டி அதே நாலைந்து கிலோமீட்டரில் நின்றது.

நான்காவது ஞாயிறு. வண்டி நின்றதும், சும்மா உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த நம் துணைத் தலைவர், "அண்ணா, டேங்க் மூடியத் தொறந்து பாருங்க" என்றார். திறந்ததும் 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்தது. மூடியில் இருக்க வேண்டிய காற்றுத் துளையைப் பஃபிங் மசி அடைத்திருந்தது. பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே காற்று வர வழியில்லாமல் டேங்க் வெற்றிடமாகி, கார்புரேட்டருக்குப் பெட்ரோல் நின்றிருக்கிறது. பத்து நிமிடத்தில் இடுக்கு வழியாகக் காற்று கசிந்து உள்ளே போனதும் மறுபடி ஓடியிருக்கிறது. ஊக்கால் ஒரு குத்து, வேலை முடிந்தது. அதற்குள் மாற்றிய சாமான்களின் விலை ரூ. 2,000-க்கு மேல். வண்டி நின்றதும் மூடியைத் திறக்க ஐந்து வினாடி போதும். அதை முதல் வாரமே யாரும் செய்யவில்லை, என்னையும் சேர்த்துத்தான்.

நோட்டில் மொத்தம் 31 பதிவுகள். அதில் 14 பெட்ரோல் ஓட்டம் சம்பந்தப்பட்டவை. இந்த 14 பேரில் ஏறக்குறைய எல்லோருமே வரும்போது சொன்ன குறை ஒன்றுதான்: "எத்தனால் பெட்ரோல் வண்டியக் கெடுத்துடுச்சு." இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலைக் குடிக்கும்படி நம் வண்டிகள் செய்யப்படவில்லை, அது உண்மை. எத்தனால் ஈரத்தை இழுக்கும். அளவுக்கு மேல் ஈரம் சேர்ந்தால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து டேங்க் அடியில் தங்கும், அங்கேதான் துரு பிடிக்கும். பழைய ரப்பர் குழாய், பெட்ரோல் காக் (டேங்கின் அடித் திருகு) வாஷர், ஃப்ளோட் ஊசியின் ரப்பர் முனை எல்லாம் உப்பலாம், இறுகலாம். நோட்டில் இப்படி உண்மையாகவே அகப்பட்டவை ஐந்து. ஐந்தும் மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தி வைத்த வண்டிகள். மீதி ஒன்பதில் இருந்தவை, அடைத்த ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சிறு துளை), கிழிந்த ஏர் ஃபில்டர், இன்டேக் ரப்பரில் வெடிப்பு, மேலே சொன்ன மூடி, இன்னும் இந்த ரகம். இவை எந்தப் பெட்ரோல் போட்டாலும் வந்திருக்கும்.

எனவே இரண்டு வேண்டுகோள். மாதக்கணக்கில் நிறுத்தும் வண்டியில் பெட்ரோல் காக்கை மூடிவிட்டு, இன்ஜின் தானாக அணையும் வரை ஓடவிடுங்கள், கார்புரேட்டர் கிண்ணம் காலியாகும். டேங்கில் பாதி பெட்ரோலோடு விடாதீர்கள். அப்புறம், டூ ஸ்ட்ரோக் வண்டி வைத்திருப்பவர்கள் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நிறம் பாருங்கள். காப்பிப்பொடி நிறம் என்றால் நிம்மதி. வெள்ளையாக வெளுத்திருந்தால் கலவையில் பெட்ரோல் போதவில்லை. எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் பழைய ஜெட் அளவுக்குக் கலவை கொஞ்சம் வறண்டுதான் போகும். எசுடி மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் இருவர் மெயின் ஜெட்டை ஒரு அளவு கூட்டிப் போட்டிருக்கிறார்கள், இதுவரை குறையில்லை.

துரு எடுப்பதில் என் அனுபவத்தையும் பதிய வேண்டும். என் சி.டி. 100 டேங்கைக் கக்கூஸ் கழுவும் ஆசிட் ஊற்றிக் கழுவினேன். உள்ளே வெள்ளிக் கிண்ணம் போலப் பளபளத்தது. சோடா உப்புத் தண்ணீரில் அலசாமல், வெயிலில் காயட்டும் என்று விட்டுச் சாப்பிடப் போனேன். சாயங்காலம் பார்த்தால் மறுபடி செங்கல் நிறம். ஆசிட்டை முறித்து, உடனே காற்றடித்து உலர்த்தி, எண்ணெய் விட்டுக் குலுக்கி வைக்க வேண்டும். இதற்கு நடுவே சாப்பாட்டு இடைவேளை கிடையாது.

ஆகஸ்டில் நடந்ததையும் மறைக்கக் கூடாது. ஷெட்டில் பிளக்கை இன்ஜின் மேல் வைத்து ஸ்பார்க் பார்த்தபோது, பக்கத்தில் தரையில் இருந்த பெட்ரோல் தட்டு குப்பென்று பற்றியது. ஈரச் சாக்கைப் போட்டு அணைத்தோம், ஒருவருக்குப் புருவம் கருகியதோடு போயிற்று. தட்டை அங்கே வைத்தவன் நான். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தவழும். தீயணைப்பான் அதற்குப் பிறகு வாங்கியதுதான். இனி ஷெட்டுக்குள் சாமான் கழுவ மண்ணெண்ணெயோ டீசலோ மட்டும், அதுவும் ஸ்பார்க் பார்க்கும் மூலையில் இருந்து தள்ளி.

கணபதி லேத் பட்டறையில் இந்த ஆண்டும் நமக்கு நியாயமான கூலிதான். ஆனால் ஆர்.எக்ஸ். 100 வைத்திருக்கும் இளைஞர் ஒருவர் முதலில் சிலிண்டரை 0.50 மில்லிமீட்டர் ஓவர்சைஸுக்குப் போர் போட்டுவிட்டு (உள்விட்டத்தைக் கடைந்து பெரிதாக்கிவிட்டு), பிறகு கடையில் பிஸ்டன் வாங்கினார். டூப்ளிகேட் பிஸ்டன், டப்பாவில் போட்டிருந்த அளவும் உள்ளே இருந்த அளவும் வேறு. இருபதாவது கிலோமீட்டரில் ஜாம். 50 மில்லிமீட்டர் போரில் நூலிழை கூடினாலும் இதே கதைதான். பிஸ்டனை முதலில் வாங்கி, பட்டறைக்காரர் கையில் கொடுத்து, அதை அளந்து போர் போடச் சொல்லுங்கள்.

2025 செப்டம்பரில் வண்டிச் சாமான்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்ததைச் சிலர் கொண்டாடினார்கள். காயலான் கடையில் பில் இல்லாமல் பேரம் பேசும் நமக்கு அதில் என்ன வந்தது என்று தெரியவில்லை. நம்மைத் தொட்டது ஆகஸ்டு அறிவிப்பு. 20 ஆண்டு தாண்டிய மோட்டார் சைக்கிளின் ஆர்.சி. புதுப்பிக்கும் கட்டணம் ரூ. 2,000 ஆகியிருக்கிறது. 50 ஆண்டு தாண்டியதை விண்டேஜ் என்று பதிவுசெய்யலாமா என்று ஜாவாக்காரர்கள் கேட்கிறார்கள். 2021 விதிப்படி செய்யலாம், ஆனால் அப்புறம் அதை அன்றாடம் ஓட்ட முடியாது. காய்கறி வாங்க ஜாவாவில் போகிறவர்கள் யோசித்துச் செய்யவும்.

புது உறுப்பினர் வரவேற்பில் ஒவ்வொரு ஆண்டும் யாராவது ஜி.டி. நாயுடு கதையைச் சொல்கிறோம். வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, ஓட்டலில் வேலை செய்து காசு சேர்த்து, அதையே வாங்கி, அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி மறுபடி மாட்டினார் என்பது கதை. நம் ஆட்கள் 'கழற்றினார்' வரை கேட்டுவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள் போலிருக்கிறது. சென்ற ஆண்டு நம் உறுப்பினர் வீடுகளில் சாக்கில் கட்டிக்கிடந்த வண்டிகள் ஒன்பது. இந்த ஆண்டு மூன்று மட்டும் மறுபடி வண்டியாகி ஓடுகின்றன. மூன்றுமே, கழற்றும்போது ஒவ்வொரு படியையும் போனில் படம் எடுத்து, நட்டு போல்ட்டுகளைத் தனித்தனிப் பையில் பெயர் எழுதிப் போட்டவர்களுடையவை. மீதி ஆறில் இரண்டுக்குச் சொந்தக்காரர் நம் தலைவர். அவர் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன்.

அடுத்த மாத முதல் ஞாயிறு சாய்பாபா காலனி உறுப்பினரின் எசுடி கிளட்ச் பிரிக்கிறோம். காலை ஏழு மணிக்கு வந்துவிடவும். மேக்னெட் புல்லர் (இன்ஜின் மேக்னெட்டைக் கழற்றும் கருவி) பங்குனியில் இருந்து ஷெட்டில் இல்லை, கடன் ஏட்டிலும் யார் கையெழுத்தும் இல்லை. வைத்திருப்பவர் யாரென்று கேட்க மாட்டேன், சனிக்கிழமைக்குள் ஷெட் ஜன்னல் திண்டில் வைத்துவிட்டுப் போகவும்.

செயலாளர்