அவர் அப்பாவாகவும் இருந்தார்

ஆசிரியருக்கு,

அமெரிக்க ராணுவ ரிசர்வில் (தேவைப்படும்போது போருக்கு அழைக்கப்படும் பகுதிநேரப் படை) பணியாற்றிய மனநல மருத்துவர் பற்றிய இரங்கல் செய்தி படித்தேன். பதவி, பதக்கமெல்லாம் சரியாகவே போட்டிருந்தீர்கள். பக்கத்து வீட்டுக்காரன் என்ற முறையில் சில வரிகள்.

வெளிநாட்டில் மருத்துவம் படித்து வந்தவர்கள் பொதுவாக இங்கே மறுபடி ரெசிடென்சி, அதாவது மருத்துவமனையில் பயிற்சிப் பணி, செய்தாக வேண்டும். மனநலத்துக்கு 4 ஆண்டுகள். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு, இரவுப் பணியும் பார்த்து அதை முடித்தார். அப்புறம்தான் ரிசர்வ். மாதம் ஒரு வார இறுதி, வருடத்தில் இரண்டு வாரம் என்பது சும்மா பேச்சுக்கு. போர்முனைக்கு அழைப்பு வந்தால் மாதக்கணக்கில் கிளினிக்கைப் பூட்ட வேண்டியதுதான். அதற்காக அவர் புலம்பிக் கேட்டதில்லை. மகளின் கணக்குப் பாடம் விட்டுப்போகிறதே என்றுதான் கவலை. முகாமிலிருந்து வீடியோ காலில் பின்னக் கணக்கு சொல்லிக்கொடுப்பார். அவள் நோட்டைக் கேமராவுக்கு நேரே தூக்கிப் பிடித்திருப்பாள். விடை தப்பென்றால் இரண்டு பேருக்கும் சண்டை!

2009 நவம்பர் 5 அன்று இங்கே டெக்சஸில் ஃபோர்ட் ஹூட் ராணுவத் தளத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் இறந்த 13 பேரில் ஐவர், வீரர்களின் மன அழுத்தத்தைக் கவனிக்கும் ரிசர்வ் மருத்துவப் பிரிவுகளைச் சேர்ந்தவர்கள். எத்தனை பேருக்குத் தெரியும்? நவம்பர் 11 முன்னாள் படைவீரர் தினத்தன்று இப்படிப்பட்டவர்களுக்காக ஒரு பக்கம் ஒதுக்குங்கள். ராணுவத்தின் அறிக்கையை அப்படியே போடாமல், வீட்டாரிடம் கேட்டு எழுதுங்கள்.

– வாசகர், டெக்சஸ்