உறையின் முதுகையும் காட்டுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அஞ்சல் அருங்காட்சியகங்களைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். அரிய தபால் தலைகளும் அவற்றின் ஏல விலைகளும் நிறையவே இருந்தன. ஆனால் அந்தத் தலைகளைச் சுமந்து சென்ற உறைகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நான் போய்வந்த சில அருங்காட்சியகங்களிலும் இதே குறைதான். கண்ணாடிக்குள் தலைகள் வரிசை வரிசையாக இருக்கும். உறைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

உலகின் முதல் தபால் தலையான பென்னி பிளாக்கையே எடுத்துக்கொள்வோம். 1840 மே 1 அன்று விற்பனைக்கு வந்த அது, மே 6 முதல்தான் செல்லும் என்று அறிவிக்கப்பட்டிருந்தது. ஆனாலும் அவசரக்காரர்கள் சிலர் முன்னதாகவே ஒட்டி அனுப்பிவிட்டார்கள். மே 2 தேதியிட்ட கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. அது மே 2 என்று எப்படித் தெரிந்தது? தலையின்மேல் விழுந்த மால்ட்டா சிலுவை முத்திரையில் தேதியே கிடையாது. தேதி முத்திரையைக் கடிதத் தாளில் வேறோர் இடத்தில், பெரும்பாலும் பின்பக்கத்தில் குத்தினார்கள். யாராவது தலையை மட்டும் கத்தரித்து ஆல்பத்தில் ஒட்டியிருந்தால் அந்தச் சில நாள் வரலாறு குப்பைக்குப் போயிருக்கும்.

1911 பிப்ரவரி 18 அன்று அலகாபாத்திலிருந்து பக்கத்து ஊரான நைனிக்கு விமானத்தில் போன அஞ்சலும் அப்படித்தான். ஒட்டியிருந்தவை வழக்கமான தலைகளே. வானில் பறந்த செய்தியைச் சொல்வது, விமானப் படம் பொறித்த பெரிய முத்திரை. தலையை மட்டும் வெட்டினால் அந்த முத்திரையில் ஒரு துண்டுதான் மிஞ்சும். கொள்ளைநோய்க் காலங்களில் தொற்று நீங்கப் புகையூட்டுவதற்காகக் கீறப்பட்ட கடிதங்கள், போர்க்காலத் தணிக்கையில் பிரித்து மறுபடி ஒட்டப்பட்ட உறைகள், வழியில் கடிதம் கைமாறிய அஞ்சலகங்கள் ஒவ்வொன்றும் பின்பக்கம் பதித்த முத்திரைகள் என்று எத்தனையோ சாட்சிகள் தாளில்தான் இருக்கின்றன.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. பத்து வயதில் எனக்குத் தபால் தலைப் பைத்தியம் பிடித்திருந்தது. தாத்தா வெளியூரில் வேலை பார்த்த காலத்தில் பாட்டிக்கு எழுதிய கடிதங்கள் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. ஒரு மதியம் அந்த உறைகளின் மூலைகளையெல்லாம் வெட்டித் தண்ணீரில் ஊறப்போட்டேன். பசை இளகி, தலைகள் ஒவ்வொன்றாகக் கழன்று மிதந்தபோது ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் நினைவிருக்கிறது. மிச்ச உறைகளை எறிந்துவிட்டேன். இன்று என்னிடம் இருப்பவை பதினேழு தலைகள். ஒன்றில் அரை வட்ட முத்திரை. ஊர்ப் பெயரின் கடைசி இரண்டு எழுத்துகள் தெரிகின்றன, ஆண்டு இல்லை. தாத்தா எந்தெந்த ஊர்களில் இருந்தார் என்று கேட்டால் சொல்ல இப்போது யாரும் இல்லை.

அருங்காட்சியகப் பொறுப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். உறைகளை முழுதாக வையுங்கள். பின்பக்கம் தெரியும்படி அடியில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி வைக்கலாம். இல்லையென்றால் பின்பக்கப் படத்தைப் பெரிதாக்கிப் பக்கத்தில் மாட்டலாம். அந்தக் கடிதம் போன வழியை ஒரு சிறு வரைபடத்தில் காட்டினால் பள்ளிப் பிள்ளைகள் நின்று பார்ப்பார்கள். விளக்கு மட்டும் மங்கலாகவே இருக்கட்டும், மை வெளிறிவிடும்.

வீட்டில் பழைய கடிதக்கட்டு வைத்திருக்கும் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. துருப்பிடித்த குண்டூசியையும் கிளிப்பையும் மெல்ல எடுத்துவிடுங்கள். கிழிந்த இடத்தில் செலோ டேப் ஒட்டாதீர்கள். தலையைப் பிரிக்கலாமா என்று கை பரபரத்தால், முதலில் உறையைத் திருப்பிப் பாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்