மேடையில் பேசுபவர் மட்டுமே சீர்திருத்தவாதி அல்லர்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சமூக மாற்றத்தைக் கொண்டுவருபவர் துணிந்து எதிர்த்துப் பேசுபவரா, அமைப்புக்குள் இருந்து பொறுமையாகச் செயல்படுபவரா என்ற விவாதம் நம் சமூக நிகழ்ச்சிகளில் அடிக்கடி எழுகிறது. அந்தக் கேள்வியே நம் இளையர்களைத் திசைதிருப்புகிறது என்று கருதுகிறேன்.

சிங்கப்பூரில் ஒருதார மணத்தைச் சட்டமாக்கி 1961ஆம் ஆண்டு நிறைவேறிய மாதர் சாசனத்தின் வரலாற்றைப் பார்த்தால் இது விளங்கும். பலதார மணம் வழக்கத்தில் ஊறிக்கிடந்த காலத்தில், 1952இல் அமைந்த சிங்கப்பூர்ப் பெண்கள் மன்றத்தின் வழியாக மகளிர் உரிமை ஆர்வலர் ஷிரின் ஃபோஸ்டார் அதை வெளிப்படையாகக் கண்டித்தார். கண்டனத்தோடு நின்றுவிடாமல், மன்றம் அரசியல் கட்சிகளையும் அணுகி ஆதரவு கேட்டது. மக்கள் செயல் கட்சியில் சான் சோய் சியோங் முதலிய பெண்கள் உள்ளிருந்தே வாதாடியதால், ஒருதார மணம் 1959 தேர்தலில் அக்கட்சியின் வாக்குறுதியாயிற்று. வாக்களிப்பு கட்டாயமாக்கப்பட்டிருந்த அத்தேர்தலில், பெயர் தெரியாத எத்தனையோ இல்லத்தரசிகள் வரிசையில் நின்று வாக்களித்ததும் இம்மாற்றத்தில் ஒரு பங்குதான். இவர்களுள் யாரை விட்டுவிட்டு இந்த வரலாற்றை எழுத முடியும்?

அச்சாசனத்தின் திருமணப் பிரிவுகள் முஸ்லிம்களுக்குப் பொருந்துவதில்லை. அக்குடும்பங்களுக்காக 1958இல் தொடங்கப்பட்ட ஷரியா நீதிமன்றத்தில், திருமதி கதீஜுன் நிசா சிராஜ் ஆலோசகராகப் பணியாற்றி, மணவாழ்வில் இடர்ப்பட்ட பெண்களின் குறைகளைக் கேட்டார். கைதட்டல் கிடைக்காத இப்பணியை நான் மேடைப் பேச்சுக்கு ஒரு படிகூடக் குறைவாக மதிக்கவில்லை.

நம் காலத்துக்கு வருவோம். இல்லப் பணிப்பெண்களுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்று ஆர்வலர்கள் பல ஆண்டுகள் வலியுறுத்திய பின்னர், 2013இல் அது விதியாயிற்று. எனினும், ஓய்வுக்கு ஈடாகப் பணம் கொடுத்து வேலை வாங்க அதில் இடமிருந்தது. ஆகவே, மாதத்தில் ஒரு நாளையாவது பணமாக மாற்றாமல் ஓய்வாகவே தர வேண்டும் என்ற விதி 2023இல் சேர்க்கப்பட்டது. இனி எஞ்சிய பொறுப்பு முதலாளிகளாகிய நம் குடும்பங்களுடையது. தமிழகத்திலிருந்து வந்து, கேட்கத் தயங்கி நிற்கும் ஒரு பெண்ணுக்கு அவளுடைய உரிமையை அவள் மொழியிலேயே எடுத்துச் சொல்லும் பக்கத்து வீட்டு அக்காவும் மாற்றத்தை உருவாக்குபவரே.

மேடைப் பேச்சில் நாட்டமில்லாத இளையர்கள், சமூக அமைப்புகளில் தமக்கு இடமில்லை என்று ஒதுங்கிப் போவதைக் கண்டு வருந்துகிறேன். புதிதாகச் சேர்பவரிடம் அவருக்குக் கைவருவது எழுத்தா, கணக்கா, ஆறுதலாகப் பேசுவதா என்று சங்கங்கள் முதலில் கேட்டறிந்து, அதற்கேற்ற பொறுப்பைத் தர வேண்டும். தங்கள் இதழும் விருதாளர்களைப் பற்றிய செய்திகளோடு, விண்ணப்பம் எழுதித் தருவோர், மருத்துவமனையில் மொழிபெயர்த்து உதவுவோர், வழக்கு முடியும்வரை உடன் செல்வோர் ஆகியோரின் பணியைப் பற்றியும் தொடர்ந்து எழுத வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
தெம்பனிஸ்